மின்கலத்திற்கும் மூப்பு உண்டு

புதிய மடிக்கணினி ஒன்று வீட்டிற்கு வந்திருக்கிறது. பெட்டியைப் பிரித்தவுடனே ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்குகிறார்கள். "முதல் தடவை எட்டு மணி நேரம் விடாமல் சார்ஜ் போட வேண்டும்" என்கிறார் கடைக்காரர். "பேட்டரி முழுவதும் தீர்ந்த பிறகுதான் மறுபடியும் சார்ஜ் போட வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும்" என்கிறார் மாமா. "எப்போதும் ப்ளக்கிலேயே இருக்கட்டும், கரண்ட் போனால் உதவும்" என்கிறார் அண்ணன். "நிறைந்ததும் கழற்றிவிடுங்கள், அதிகமாக ஏறினால் வெடித்துவிடும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இந்த நால்வரில் யார் சொல்வது சரி?

தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. அதன்பின் மடிக்கணினி நகரத்து அலுவலகங்களுக்கு மட்டும் உரிய பொருளாக இருக்கவில்லை. சிற்றூர் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. வாங்கிய கணினி பல ஆண்டுகள் நன்றாகவே உழைக்கும். முதலில் தளர்ந்து போவது பெரும்பாலும் அதன் மின்கலம்தான். மின்கலம் தளர்ந்த மடிக்கணினி முளையில் கட்டிய மாட்டைப் போன்றது. சுவரிலுள்ள ப்ளக்கை விட்டு நகர முடியாது. புது மின்கலம் வாங்கச் சில ஆயிரம் ரூபாய் வேண்டும். எனவே இதை எப்படிப் பேணுவது என்று தெரிந்துகொள்வது பயனுள்ள செய்தி. அதற்கு முதலில் மின்கலத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

உள்ளே இருப்பது என்ன?

மடிக்கணினியில் பயன்படுவது லித்தியம் அயனி மின்கலம். 1970-களில் அமெரிக்காவில் எக்ஸான் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டான்லி விட்டிங்ஹாம் இதற்கு அடித்தளம் இட்டார். 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃபும் அவருடன் பணியாற்றியவர்களும் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர் மின்வாயாகப் பயன்படுத்தலாம் எனக் காட்டினர். 1985-இல் ஜப்பானைச் சேர்ந்த அகிரா யோஷினோ, எதிர் மின்வாயில் கரிப்பொருளைப் பயன்படுத்திப் பாதுகாப்பான மின்கலத்தை உருவாக்கினார். 1991-இல் சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இம்மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குடினஃபுக்கு வயது 97!

மின்கலத்தின் ஒரு பக்கம் உலோக ஆக்சைடு. மறுபக்கம் கிராஃபைட், அதாவது நீங்கள் எழுதும் பென்சிலில் இருக்கும் கரிப்பொருள். இரண்டுமே அடுக்கடுக்கான அமைப்பு உடையவை. இரண்டிற்கும் நடுவே மின்பகுளி என்னும் திரவமும், அதில் நனைந்த, நுண்துளைகள் உள்ள மெல்லிய பிரிப்புத் தாளும் உள்ளன. மின்னேற்றம் செய்யும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடின் அடுக்குகளை விட்டு வெளியேறி, மின்பகுளியின் வழியே நீந்திச் சென்று, கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையே புகுந்துகொள்கின்றன. கணினியைப் பயன்படுத்தும்போது அதே அயனிகள் வந்த வழியே திரும்புகின்றன. அயனிகள் உள்ளே பயணம் செய்யும்போது எலெக்ட்ரான்கள் வெளிச்சுற்றின் வழியே செல்கின்றன. அந்த எலெக்ட்ரான் ஓட்டமே நமக்குக் கிடைக்கும் மின்னோட்டம்.

இத்தகைய கலம் ஒன்றின் மின்னழுத்தம் சராசரியாக 3.7 வோல்ட். மூன்று கலங்களைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ட். கொள்திறன் 4 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். சேமிக்கப்படும் ஆற்றல் 11.1 × 4 = 44.4 வாட்-மணி. கணினி 10 வாட் வீதம் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஓடும். இங்கே ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். இந்த நாலரை மணி நேரம் அங்குமிங்கும் சென்று வரும் அயனிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அயனிகளில் சில வழியிலேயே சிக்கிக்கொண்டால் அந்த நேரம் குறைந்துவிடும். மின்கலத்தின் மூப்பு என்பது பெரும்பாலும் இதுதான்.

பழைய விதிகள் எங்கிருந்து வந்தன?

கடைக்காரரும் மாமாவும் சொன்னவை முற்றிலும் கட்டுக்கதைகள் அல்ல. அவை வேறொரு மின்கலத்திற்கு உரிய விதிகள். லித்தியம் வருவதற்கு முன் சிறு கருவிகளில் நிக்கல் காட்மியம் மின்கலங்கள் இருந்தன. இவற்றை மெதுவாக மின்னேற்ற 14 முதல் 16 மணி நேரம் ஆகும். எப்போதும் ஒரே அளவுக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு மீண்டும் மீண்டும் ஏற்றிக்கொண்டிருந்தால், அந்த அளவைத் தாண்டியதும் மின்னழுத்தம் தாழ்ந்துவிடும் குறையும் இவற்றில் காணப்பட்டது. இதை 'நினைவு விளைவு' என்றார்கள். அதைப் போக்கவே அவ்வப்போது முழுவதும் தீர்த்துவிட்டு ஏற்றும் வழக்கம் வந்தது. மின்கலம் மாறிவிட்டது, விதி மட்டும் மாறாமல் தங்கிவிட்டது.

லித்தியம் அயனி மின்கலத்தில் நடைமுறையில் இந்த நினைவுத் தொல்லை இல்லை. முதல் மின்னேற்றத்தையும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை. அது தொழிற்சாலையிலேயே மிகுந்த கவனத்துடன் செய்யப்பட்டுவிட்டது. ஆகவே புதுக் கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் வழக்கம்போல் மின்னேற்றிப் பயன்படுத்தத் தொடங்கலாம். எட்டு மணி நேரக் காவல் தேவையில்லை.

உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அதிலுள்ளது பெரும்பாலும் ஈய-அமில மின்கலமாக இருக்கும். 1859-இல் பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த வகை அது. அதைக் குறைந்த மின்னேற்றத்தில் விட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் கடினமான படிகங்களாக இறுகிவிடும். எனவே அதை நிறைவாகவே வைத்திருக்க வேண்டும். மடிக்கணினியின் மின்கலமோ நிறைவிலேயே நின்றால் விரைவில் மூப்படையும். ஒரே வீட்டில் இரண்டு மின்கலங்கள்; இரண்டிற்கும் எதிரெதிர் விதிகள்! உள்ளே நடக்கும் வேதிவினை தெரியாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

நிறையும் பேருந்து

திருவிழா நாளில் புறப்படக் காத்திருக்கும் பேருந்தைக் கற்பனை செய்யுங்கள். இருக்கைகள் காலியாக இருக்கும்போது ஆட்கள் மளமளவென்று ஏறுகிறார்கள். நிறைய நிறைய, ஒவ்வொருவராகத்தான் நுழைய முடிகிறது. அந்த நேரத்தில் வெளியே நிற்பவர்கள் நெருக்கித் தள்ளினால் என்ன நடக்கும்? உள்ளே போக முடியாதவர்கள் படிக்கட்டில் தொங்குவார்கள்.

கிராஃபைட்டிலும் இதுவே நிகழ்கிறது. தொடக்கத்தில் காலியிடம் நிறைய உண்டு. அயனிகள் விரைந்து புகுகின்றன. எனவே மின்னேற்றும் சுற்று முதலில் மாறாத மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. கலத்தின் மின்னழுத்தம் மெல்ல உயர்ந்து ஏறத்தாழ 4.2 வோல்ட்டை எட்டியதும் (சில புதிய வகைகளில் இது சற்று மிகுதி) சுற்று அந்த மின்னழுத்தத்தை அப்படியே பிடித்துக்கொள்கிறது. பிறகு மின்னோட்டம் படிப்படியாகக் குறைகிறது. மிகச் சிறிய அளவுக்குக் குறைந்ததும் மின்னேற்றம் நின்றுவிடுகிறது. இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் மேலும் நெருக்கினால், உள்ளே புக முடியாத லித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிக்கட்டுப் பயணம் போலவே இதுவும் ஆபத்தானது. மிகவும் குளிர்ந்த நிலையில், அதாவது 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே மின்னேற்றினாலும் இதே தொல்லை உண்டு. நம் ஊரில் அந்தக் கவலை நமக்கு இல்லை.

ஆகவே நல்ல நிலையிலுள்ள கணினியில், அதற்குரிய அடாப்டரைப் பயன்படுத்தினால், 'அதிகமாக ஏறிவிடும்' என்ற பக்கத்து வீட்டுக்காரரின் அச்சம் தேவையற்றது. மின்கலம் நிறைந்தபின் கணினிக்கு வேண்டிய மின்சாரத்தை அடாப்டரே நேராகத் தருகிறது. ஆனால் இதனால் அண்ணன் சொன்னதுதான் சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இரண்டு கடிகாரங்கள்

லித்தியம் அயனி மின்கலத்தின் ஆயுளை இரண்டு கடிகாரங்கள் அளக்கின்றன எனலாம்.

முதல் கடிகாரம் பயன்பாட்டைக் கணக்கிடுகிறது. 100 விழுக்காடு மின்னிறக்கம் ஒரு சுற்று எனப்படும். இன்று 50 விழுக்காடும் நாளை 50 விழுக்காடும் செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்றுதான். மடிக்கணினி மின்கலங்கள் பொதுவாக 300 முதல் 500 சுற்றுகள் வரையிலும், சில வகைகள் 1000 சுற்றுகள் வரையிலும் தாங்கும். அதற்குள் கொள்திறன் புதிதில் இருந்ததில் 80 விழுக்காடாகக் குறையும் என்று எதிர்பார்க்கலாம். அயனிகள் புகும்போதும் வெளியேறும்போதும் மின்வாய்ப் பொருள் சற்று விரிந்து சுருங்குகிறது. அடிமட்டம் வரை இறக்கி உச்சி வரை ஏற்றினால் இந்த விரிவும் சுருக்கமும் மிகுதி. பாதி வழி சென்று திரும்பினால் குறைவு. எனவே மாமா சொன்னபடி ஒவ்வொரு தடவையும் முழுவதும் தீர்த்துவிட்டு ஏற்றுவது நன்மை அன்று; தீமையே.

இரண்டாவது கடிகாரம் காலத்தைக் கணக்கிடுகிறது. நீங்கள் கணினியைத் தொடாமல் வைத்திருந்தாலும் இது ஓடிக்கொண்டே இருக்கும். மின்கலத்தை ஓராண்டு சும்மா வைத்திருந்தால் கொள்திறனில் எவ்வளவு மிஞ்சும் என்பதற்குப் பரவலாக எடுத்தாளப்படும் சில அளவுகளைப் பாருங்கள். 40 விழுக்காடு மின்னேற்றத்தில், 25 டிகிரி வெப்பநிலையில் வைத்தால் ஏறத்தாழ 96 விழுக்காடு மிஞ்சும். அதே வெப்பநிலையில் முழு மின்னேற்றத்துடன் வைத்தால் 80. முழு மின்னேற்றத்துடன் 40 டிகிரி வெப்பத்தில் வைத்தால் 65 விழுக்காடுதான்!

இந்த மூன்று எண்களையும் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். முதல் நிலையில் இழப்பு 4, இரண்டாவதில் 20, மூன்றாவதில் 35. ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமலே இவ்வளவு வேறுபாடு! இரண்டாவது கடிகாரத்தை விரைந்து ஓடச் செய்பவை இரண்டு: நிறைவும் வெப்பமும். இரண்டும் சேர்ந்தால் கேடு மிகுதி. எப்போதும் ப்ளக்கில் செருகி, 100 விழுக்காட்டிலேயே நிற்கும் சூடான கணினியில் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன. அண்ணன் கவனிக்கத் தவறியது இதைத்தான்.

பாலேடு போல ஒரு படலம்

நிறைவும் வெப்பமும் என்ன செய்கின்றன? காய்ச்சிய பாலின் மேல் ஏடு படிவதைப் பார்த்திருப்பீர்கள். கிராஃபைட்டின் மேற்பரப்பிலும் மின்பகுளி சிதைவதால் மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது. தொழிற்சாலையில் நடக்கும் முதல் மின்னேற்றத்தின்போதே இது தோன்றிவிடும். இதனால் நன்மையும் உண்டு. மின்பகுளி மேலும் சிதையாமல் இது தடுக்கிறது. ஆனால் பாலேடு பாலிலிருந்தே உண்டாவதுபோல, இந்தப் படலம் கலத்திலுள்ள லித்தியத்தை எடுத்துக்கொண்டுதான் வளர்கிறது. படலத்தில் சிக்கிய லித்தியம் மீண்டும் பயணத்திற்கு வராது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஏடு தடிக்கிறது; அயனிகள் குறைகின்றன; உள் மின்தடையும் உயர்கிறது.

வேதிவினைகள் பலவற்றில் வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று வேதியியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். இந்தப் படலம் வளர்வதும் ஒரு வேதிவினையே. கலம் நிறைந்திருக்கும்போது கிராஃபைட் முழுவதும் லித்தியம் நிறைந்து, மின்பகுளியைச் சிதைக்கும் நாட்டம் மிகுதியாக இருக்கும். மறுபக்கத்து ஆக்சைடோ லித்தியத்தை இழந்து உறுதி குறைந்து நிற்கும். 4.2 வோல்ட் வரை ஏற்றும்போது கோபால்ட் ஆக்சைடிலுள்ள லித்தியத்தில் ஏறத்தாழப் பாதிதான் வெளியே எடுக்கப்படுகிறது. அதற்கு மேல் எடுத்தால், தூண்களை உருவிய மண்டபம்போல் அடுக்கமைப்பே குலைந்துவிடும்.

முழுவதும் தீர்ந்த நிலையில் நீண்ட நாள் விட்டுவைப்பதும் தவறு. திரையில் 0 என்று காட்டும்போது கலத்தில் சிறிது மின்னேற்றத்தை ஒதுக்கி வைத்துத்தான் சுற்று நிறுத்துகிறது. ஆனால் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் அந்த ஒதுக்கீடும் மெல்லக் கசிந்து தீரும். மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தால் எதிர் மின்வாயிலுள்ள செப்புத் தாள் கரையத் தொடங்கும். கரைந்த செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே குறுக்குச் சுற்று ஏற்படவும் கூடும். கோடை விடுமுறைக்கு முன் கணினியைத் தீர்ந்த நிலையில் அலமாரியில் வைத்துவிட்டுப் பள்ளி திறந்ததும் எடுத்தால், அது கண் விழிக்காமலே போகலாம்.

நாம் செய்ய வேண்டியவை

இதுவரை கண்டவற்றிலிருந்து விதிகளை நீங்களே வகுத்துவிடலாம்.

1. அன்றாடப் பயன்பாட்டில் 20 விழுக்காட்டிற்கும் 80 விழுக்காட்டிற்கும் இடையே வைத்திருப்பது நல்லது. இடையிடையே சிறிது சிறிதாக மின்னேற்றுவதில் தவறில்லை.

2. பெரும்பாலும் ப்ளக்கில் செருகியே பயன்படுத்துபவர்கள் மின்னேற்ற வரம்பை அமைத்துக்கொள்ளலாம். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில், 80 விழுக்காடு போன்ற ஓர் அளவில் மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி உண்டு. ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். அடிக்கடி செருகவும் பிடுங்கவும் வேண்டாம்.

3. பயணம், தேர்வு, நீண்ட மின்தடை என்றால் தயங்காமல் 100 வரை ஏற்றுங்கள். நிறைந்தவுடன் பயன்படுத்திவிட்டால் தீங்கு மிகக் குறைவு. நாள்கணக்கில் நிறைந்த நிலையில், சூட்டில் நிற்பதே கேடு. மின்தடை அடிக்கடி வரும் ஊராக இருந்தால் 80-ஐவிடச் சற்று மிகுதியாக வைத்துக்கொள்வதும் நியாயமே. மின்கலம் நமக்காகத்தான், நாம் மின்கலத்திற்காக அல்ல.

4. மெத்தை, தலையணை ஆகியவற்றின் மேல் வைத்துப் பயன்படுத்த வேண்டாம்; காற்றுத் துளைகள் அடைபடும். வெயிலில் நிற்கும் காருக்குள் கணினியை விட்டுச் செல்லவே கூடாது. நம் ஊர்களில் கோடையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும். மூடிய காருக்குள் அதைவிடப் பல டிகிரி மிகுதி.

5. சில வாரங்கள் பயன்படுத்தாமல் வைக்க நேர்ந்தால், ஏறத்தாழப் பாதி மின்னேற்றத்தில், அணைத்து, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

6. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஏறக்குறைய முழுவதும் இறக்கி முழுவதும் ஏற்றுவது பயன் தரலாம். இது மின்கலத்தின் நலத்திற்காக அன்று. உள்ளே சென்று வரும் மின்னூட்டத்தை எண்ணிக்கொண்டிருக்கும் அளவிக்குச் சிறு சிறு பிழைகள் சேர்ந்துவிடும், அதைச் சரிசெய்வதற்காகத்தான். மாமாவின் விதியில் எஞ்சியிருக்கும் உண்மை இவ்வளவே.

7. அடிப்பகுதி உப்பிக் காணப்பட்டால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். உள்ளே வாயு சேர்ந்துள்ளது என்பதன் அறிகுறி அது. அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பற்றும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பழைய மின்கலத்தைக் குப்பையில் போடாதீர்கள். இந்தியாவில் 2022-இல் வெளியிடப்பட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கு உண்டு. அவற்றிலுள்ள லித்தியமும் கோபால்ட்டும் தொலைதூர நாடுகளில் மண்ணைத் தோண்டி எடுக்கப்பட்டவை. உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ நாட்டிலிருந்தே கிடைக்கிறது. ஒரு மின்கலம் இரண்டு ஆண்டு கூடுதலாக உழைத்தால் மிச்சமாவது நம் பணம் மட்டும் அன்று.

நீங்களே அளந்து பாருங்கள்

இவற்றையெல்லாம் ஆசிரியர் சொன்னார் என்பதற்காக ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம்.

முதலாவது, ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். கணினியில் 20 விழுக்காடு இருக்கும்போது மின்னேற்றத் தொடங்குங்கள். மின்னேற்ற வரம்பு அமைத்திருந்தால் இந்தச் சோதனைக்காக மட்டும் அதை நீக்கிவிடுங்கள். கணினியில் வேறு வேலை செய்யாமல், 10 நிமிடத்திற்கு ஒருமுறை விழுக்காட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரத்தை கிடை அச்சிலும் விழுக்காட்டைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைபடத்தாளில் வரையுங்கள். கோடு முதலில் நேராக ஏறி, பிறகு ஓரிடத்தில் வளைந்து படுக்கத் தொடங்கும். அந்த வளைவுதான் பேருந்தில் இருக்கைகள் நிறைந்த இடம்! அது எந்த விழுக்காட்டில் வருகிறது என்று நண்பர்களின் கணினிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது சோதனைக்குப் பொறுமை வேண்டும். பெரும்பாலான கணினிகளில் மின்கலத்தைப் பற்றிய அறிக்கை ஒன்றைப் பெற முடியும். அதில் இரண்டு எண்கள் இருக்கும்: புதிதில் இருக்க வேண்டிய கொள்திறன், இப்போது முழுவதும் ஏற்றினால் கிடைக்கும் கொள்திறன். இரண்டாவதை முதலாவதால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். மின்கலத்தின் இன்றைய நலம் கிடைத்துவிடும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் இதைக் கணக்கிட்டு, அந்த மாதம் எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் ஒரு வரி குறித்து வையுங்கள். ஓராண்டில் 12 புள்ளிகள் சேரும். சித்திரை வெயிலில் கோடு வேகமாக இறங்குகிறதா, மார்கழியில் மெதுவாக இறங்குகிறதா? வரம்பு அமைத்தபின் சரிவு குறைந்ததா? அளவியின் பிழையால் ஒரு மாதம் கோடு சற்று மேலே ஏறியும் காட்டலாம். அதற்காகக் கலங்க வேண்டாம், மொத்தப் போக்கைப் பாருங்கள்.

பள்ளியில் உள்ள நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து இப்படிக் குறித்தால், உங்கள் ஊர் வெப்பநிலையில் மின்கலங்கள் எப்படி மூப்படைகின்றன என்பதற்கு உங்கள் கையாலேயே எடுத்த அளவுகள் கிடைக்கும். அறிவியல் கண்காட்சிக்கு வேறு பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. இந்த மாத முதல் புள்ளியை இன்றே குறித்துவிடுங்கள்.